விதி குழப்பும்போது என்ன செய்வது? வார்ஹேமர் மேசையில் முதல் பாடம்

வார்ஹேமர் என்பது சின்னச் சின்ன பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. அதை நான் ஆட ஆரம்பித்த புதிதில் நடந்தது. என் ஸ்பேஸ் மரீன் யூனிட், அதாவது விண்வெளிப் போர்வீரர் குழு, ஒரு டாங்கிக்குப் பின்னால் பதுங்கி நிற்கிறது. தலை, தோள், துப்பாக்கி எதுவும் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. ஒருவன் முதுகில் செருகியிருந்த கொடியின் நுனி மட்டும் டாங்கிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நண்பன் மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கொடி தெரியுது மச்சி, சுடுறேன்" என்றான்.

"கொடியைச் சுட்டா ஆள் எப்படிடா சாவான்? அழுகுணி ஆட்டம் ஆடாதே!"

இருபது நிமிடம் கத்தினோம். கடைசியில் புத்தகத்தைத் திறந்தால், மாடலின் (அதாவது பொம்மையின்) எந்தப் பகுதி கண்ணில் பட்டாலும் மாடல் தெரிவதாகவே கணக்கு. அங்கே குழப்பமே இல்லை. எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேசையில் வரும் சண்டைகளில் பாதிக்குமேல் இந்த ரகம் என்பது என் அனுபவம். மீதியைத் தீர்க்க ஒரு வரிசை இருக்கிறது. வார்ஹேமர் 40,000 விளையாட்டின் 10ஆம் பதிப்பை, அதாவது 2023இல் வந்ததை வைத்துச் சொல்கிறேன். வேறு மினியேச்சர் போர் விளையாட்டு ஆடுகிறவர்களும் இதே வரிசையில் போகலாம்.

முதல் படி: பகடையைக் கீழே வையுங்கள்

உருட்டிய பிறகு விதியைப் பேசினால் யாருக்கும் நியாயம் தெரியாது; விழுந்த எண்தான் தெரியும். சந்தேகம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "இந்த ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறானா?" என்கிற அளவுக்குச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருக்கும்போதே சில சந்தேகங்கள் காணாமல் போய்விடும்.

இரண்டாம் படி: வரியை வாய்விட்டுப் படியுங்கள்

"நான் அப்படித்தான் ஆடியிருக்கேன்" என்பதெல்லாம் செல்லாது. பழைய பதிப்பு ஆடியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மூன்று பதிப்பு விதிகள் தலைக்குள் கலந்து கிடக்கும். அடிப்படை விதிகளை, இந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனமே இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்திருக்கிறது. போனில் திறந்து, அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படியுங்கள்.

படிக்கும்போது சாதாரண ஆங்கிலச் சொல் போலத் தெரிகிறவற்றில்தான் கண் வைக்க வேண்டும். முக்கியமான ஜோடி 'விதின்' (within), 'ஹோலி விதின்' (wholly within). ஒரு தலைவனைச் சுற்றி 6 இன்ச் வரை ஒரு பலன் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பைத் தலைவனின் பேஸ், அதாவது காலடித் தட்டு, விளிம்பில் வைத்து நீட்டுங்கள். 'விதின்' என்று இருந்தால், வீரனுடைய பேஸின் ஓரம் 6 இன்ச் கோட்டைத் தொட்டாலே போதும். 'ஹோலி விதின்' என்றால் பேஸ் முழுவதும் கோட்டுக்குள் இருக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் பேஸ் என்பது ஏறக்குறைய ஒன்றேகால் இன்ச். ஆக, ஒரு சொல் கூடினால் உங்கள் வீரன் ஒன்றேகால் இன்ச் உள்ளே வந்து நிற்க வேண்டியிருக்கும். ஆட்டம் தோற்க அது தாராளமாகப் போதும்.

செய்யலாம் என்கிறதா, செய்தாக வேண்டும் என்கிறதா என்பதையும் பாருங்கள். பலன் ஒவ்வொரு தாக்குதலுக்கா, ஆட்டத்தின் அந்தக் கட்டம் முடியும் வரைக்குமா என்பதையும்.

மூன்றாம் படி: பொதுவிதியா, தனிவிதியா?

இரண்டு வரிகள் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஒன்று பொது, இன்னொன்று விலக்கு. அட்வான்ஸ் செய்து கூடுதலாக ஓடிய யூனிட் அந்த டர்னில் சுட முடியாது என்பது பொது. 'அசால்ட்' என்று குறித்த ஆயுதத்தால் சுடலாம் என்பது விலக்கு. இதை முரண்பாடு என்று சொல்லிக் கை தூக்குகிற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முரணே இல்லை, விலக்குதான் வெல்லும்.

இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் எது முதலில்? அதற்கும் புத்தகத்திலேயே விடை உண்டு: யாருடைய டர்னோ அவர் வரிசையை முடிவு செய்வார். போர் தொடங்கும் முன், முடிந்த பின், அல்லது போர்ச் சுற்றின் தொடக்கத்திலோ முடிவிலோ என்றால் இருவரும் பகடை உருட்ட வேண்டும்.

நான்காம் படி: திருத்தம் வந்திருக்கிறதா?

அச்சுப் புத்தகம் அழகுக்கு. அச்சான பிறகு திருத்தங்களும் கேள்வி பதில்களும் பிடிஎஃப்பாக வந்துகொண்டே இருக்கும். ரூல்ஸ் கமென்டரி என்று தனியாக ஒன்று இருக்கிறது; இரண்டாம் படியில் சொன்ன மாதிரிச் சொற்களை அதில் விளக்கியிருப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தின இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தா, எண்ணமா?

இதற்குப் பிறகும் தீராதவைதான் உண்மையான சிக்கல்கள். ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

கைகலப்புக்கு, எதிரியின் 1 இன்ச்சுக்குள் சார்ஜ், அதாவது எதிரியை நோக்கிய பாய்ச்சல், முடிய வேண்டும். எதிராளி தன் ஆட்களை இடிந்த கட்டடத்துக்குள், சுவரின் வெளிமுகத்திலிருந்து 1 இன்ச்சுக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் வரிசையாக நிறுத்துகிறான். என் ஆட்கள் சுவரை ஊடுருவிப் போகலாம், ஆனால் சுவருக்குள்ளேயே நின்றுவிட முடியாது. வெளியே நின்றால் எட்டவில்லை. உள்ளே அவர்களுக்கும் சுவருக்கும் நடுவில் என் பேஸ் நுழைய இடமில்லை. ஆக, ஒரு மெல்லிய சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் கோடாலியோடு வரும் ஆர்க் என்கிற முரட்டு உயிரினக் கூட்டம் தொடவே முடியாது!

அடிப்படை விதிகளின் எழுத்துப்படி இது சரி. எழுதியவரின் எண்ணம் இதுவாக இருந்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நான் ஒன்று கேட்பேன்: "மேசையை அப்படியே திருப்பி வச்சா, இதே தீர்ப்பை நீ ஒத்துக்குவியா?" உடனே பதில் வந்தால் அதையே வைத்துக்கொள்வோம். பதில் இழுத்தால் விஷயம் விளங்கிவிடும். சுவர் விவகாரத்தை மட்டும் படை அடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது. நடுவில் பேசினால் யார் வாயைத் திறந்தாலும் சுயநலமாகத்தான் கேட்கும்.

போர் விளையாட்டின் மூதாதையில் இந்த வம்பு இல்லை. 1824இல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தந்த கிரீக்ஸ்பீல் என்கிற ராணுவப் போர் விளையாட்டில் தனியாக ஒரு நடுவர் உண்டு. 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்கிற இன்னொரு அதிகாரி, தடித்த விதிப்புத்தகத்தை ஓரங்கட்டி, அனுபவமுள்ள நடுவரின் வாய்ச்சொல்லே போதும் என்றார். நம் வீட்டு மேசையில் நடுவரை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அதனால் வாதியும் நாமே, நீதிபதியும் நாமே. போட்டிகளில் நடுவர் இருப்பார். கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். அது சண்டைக்கு இழுப்பதாகாது.

ஆறாம் படி: உருட்டி எழுதுங்கள்

ஐந்து நிமிடம் தாண்டினால் இருவரும் ஒரு பகடை உருட்டுங்கள். பெரிய எண் வந்தவர் சொல்வது அன்றைய விதி. இரண்டு பேருக்கும், ஆட்டம் முடியும் வரைக்கும். வந்த தீர்ப்பைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்காவது சுற்றில் ஞாபகம் ஆளுக்கொரு மாதிரி திரும்பும்.

எங்கள் நோட்டில் இப்போது பதினோரு வரி இருக்கிறது. முதல் வரி என் நண்பனின் கையெழுத்தில்: "கொடியும் ஆள்தான்." அதற்குக் கீழே நான் பென்சிலில் எழுதியது: "கொடியை ஒட்டாமலே ஆடலாமா? கேட்க வேண்டும்."