பிள்ளைகளின் பாட்டு கிளாஸ்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறேழு வயதில் ஆசையாகக் கர்நாடக சங்கீதப் பாட்டு கிளாஸில் சேரும் பிள்ளைகளில் பலர் 10-ம் வகுப்பு முடிவதற்குள் விட்டுவிடுகிறார்கள். 'அவனுக்கு ஞானம் போதாது' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பெரியவர்களின் அவசரமும், வளரும் தொண்டையைப் பற்றி யோசிக்காததும்தான் காரணம்.

"இன்னும் சரளி வரிசைதானா? ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு சொல்லிக்கொடுங்களேன்" என்று ஆசிரியரை நெருக்காதீர்கள். சரளி வரிசை என்ற அந்த முதல் ஸ்வரப் பயிற்சி மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கும். அதில் சுத்த ரிஷபம் ('ரி') சட்ஜத்தை ('ஸ') ஒட்டியே நிற்கும். குழந்தைகள் அதைச் சற்றே மேலே தூக்கிவிடுவார்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சுருதிப்பெட்டியோடு நிறுத்திப் பாடினால்தான் அந்தப் பிசகு காதில் விழும். வேகமான மூன்றாம் காலத்துக்கு ஓடிவிட்டால் அதுவே பழகிப்போகும். பின்னால் கீர்த்தனையில் திருத்துவது பெரும்பாடு. தாளமும் அப்படித்தான். கையில் போடாமல் ஸ்வரத்தை மட்டும் ஒப்பித்த குழந்தை, பல தாளங்களில் பாடும் அலங்காரப் பயிற்சியில் 10 அட்சர (எண்ணிக்கை) ஜம்பை தாளத்துக்கு வந்ததும் தடுமாறி நிற்கும்.

சுருதியில் செய்யும் தவறு இன்னும் பெரியது. வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் ஒரே கட்டை (சுருதியின் உயர அளவு). தார சட்ஜத்தில் (மேல் 'ஸ') கழுத்து நரம்பு புடைத்தாலோ, கீழே போகும்போது வெறும் காற்று வந்தாலோ அந்தச் சுருதி அந்தக் குழந்தைக்குப் பொருந்தவில்லை. ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள தூரம்) இறங்கிவிடும். 5 கட்டையில் கணீரென்று பாடிய பையனுக்குத் திடீரென்று மேலே கீச்சிடும், நடுவில் குரலே வராது. அப்போது பழைய சுருதியிலேயே கத்திப் பாடவைப்பது தொண்டைக்குக் கேடு. 'குரல் போச்சு' என்று கிளாஸை நிறுத்துவது அதைவிடக் கேடு. சுருதியைக் குறைத்து, கஷ்டமில்லாமல் வரும் ஸ்வரங்களுக்குள் கொஞ்ச நேரம் பாடினால் போதும். மீதி நேரத்தில் தாளம், ராகம் கண்டுபிடிப்பது, கேட்டே கற்கும் கேள்வி ஞானம் என்று எவ்வளவோ இருக்கிறது, மிருதங்கம்கூடத் தொடங்கலாம். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் "ஒரு பாட்டு பாடு" என்று அந்தப் பையனைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அன்றைக்குச் சிரிக்கிற சிரிப்பை அவன் மறக்கமாட்டான். பெண் பிள்ளைகளின் குரலும் இந்த வயதில் மாறும். மாற்றம் சிறியது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினமும் 15 நிமிடம் சாதகம் (பாடிப் பழகுவது) செய்வது மேல். பப்ளிக் எக்ஸாம் வருடத்துக்கும் அந்த 15 நிமிடம் தாங்கும். புதுப் பாடம் வேண்டாம், வர்ணம் என்ற பாட்டு வகையில் தெரிந்த ஒன்றை இரண்டு காலத்தில் பாடினாலே போதும். கிளாஸை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், ஆசிரியர் குரலில் பாடங்களைப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வர நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பரீட்சை முடிந்து திரும்பும் பிள்ளை அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.