போஸ்டர் போடுவதற்கு முன் படிவம் போடுங்கள்

மீன் கெட ஆரம்பித்தால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர் ஒன்றை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தோம், தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரத்தில்தான் சோதனையெல்லாம். வேலை செய்ததும் சந்தோஷத்தில் ஒரு மாநாட்டில் போஸ்டர் போட்டுவிட்டு, அப்புறம்தான் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிம அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி: "வெளியே எங்கேயாவது காட்டிட்டீங்களா?"

வெளியே காட்டிவிட்டால் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. சிங்கப்பூரில் காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகைக் காலம் உண்டு, 2017 அக்டோபருக்குப் பிறகு அது தாராளமாகவே இருக்கிறது. அமெரிக்காவும் ஒரு வருடம் தரும். ஐரோப்பா தராது, நாமே காட்டியிருந்தாலும் காட்டியது காட்டியதுதான். எங்களுக்கு ஐரோப்பா அன்றைக்கே போய்விட்டது.

அதனால் முதல் வேலை, அந்த அலுவலகத்துக்குக் கொடுக்கிற கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம். மாநாட்டுச் சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் தகராறு வருகிற இடம் கண்டுபிடிப்பாளர் பெயர்கள். ஆய்வுக் கட்டுரையில் மரியாதைக்குப் பெயர் சேர்ப்பது போல இங்கே சேர்க்க முடியாது, யோசனையில் உண்மையாகப் பங்கு இருந்தவர் மட்டும்தான். மீன் வாங்கி வந்த தம்பிக்கு நன்றி சொல்லலாம், அவ்வளவுதான். நீங்கள் சம்பளம் வாங்கும் ஊழியர் என்றால், வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு காப்புரிமைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவுப்படி முதலாளிக்கே போகும். மாணவர் என்றால் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். பணம் அரசாங்கத்துடையது என்றால் தேசிய அறிவுசார் சொத்து நெறிமுறையும் குறுக்கே வரும். 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு மட்டும் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள், சும்மா கொடுத்துவிடுவார்களா?

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். சிங்கப்பூரில் வசிக்கிறவர் அனுமதி வாங்காமல் நேராக வெளிநாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது, 34-ஆவது பிரிவு. ஒன்று அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் இங்கே ஐபாஸில் (சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம்) விண்ணப்பித்துவிட்டு, தடை ஏதும் வராவிட்டால் இரண்டு மாதம் கழித்து வெளியே போகலாம். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. அமெரிக்காவில் இருக்கும் கூட்டாளி "நான் அங்கேயே போட்டுடறேன்" என்று சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

கண்டுபிடிப்பை நீங்களே தொழிலாக்க நினைத்துப் பல்கலைக்கழகத்திடம் உரிமம் பேசும்போது, காப்புரிமையையே எழுதி வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. துறையைக் குறுக்கிக் கேளுங்கள். நாங்கள் உணவுப் பொருளுக்கு மட்டும், வேறு யாருக்கும் கொடுக்காத தனியுரிமம் கேட்டோம், மருத்துவப் பயன்பாட்டைப் பல்கலைக்கழகம் வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று விட்டதும் பேச்சு சுலபமாக முடிந்தது.

கடைசியாகத் தேதிகள். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி, அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடுகிற சர்வதேச விண்ணப்பம், 30 மாதத்தில் பெரும்பாலான நாடுகளில் தனித்தனியாக நுழைய வேண்டும். மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர் என்று பில் குவிவது அப்போதுதான். அதுவரை உரிமம் எடுக்க யாரும் வரவில்லை என்றால் பல்கலைக்கழக உரிம அலுவலகம் செலவைப் பார்த்து விண்ணப்பத்தையே கைவிட்டுவிடக்கூடும். ஆகவே 30-ஆவது மாதம் எந்தத் தேதியில் வருகிறது என்று இன்றைக்கே கைப்பேசியில் குறித்து வையுங்கள், அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு நினைவூட்டலும்.