ரேஸ் குதிரையோட கால் நீடிக்கணுமா? ரெண்டு வயசுல வேகத்த எப்படி பழக்கறதுன்னு பாருங்க

ரெண்டு வயசு குதிரைய ட்ரெய்னிங்குக்கு எடுத்து மூணு நாலு மாசம் ஆகியிருக்கும், ஒரு நாள் காலைல முன்னங்கால் முழங்காலுக்கு கீழ முன்பக்கமா தொட்டா சுடும், விரலால அழுத்தினா காலை வெடுக்குன்னு இழுத்துக்கும். லாயத்துல உடனே ஷின் வந்துடுச்சும்பாங்க, அதாவது அந்த எலும்போட முன்பக்கம் நொந்து போய் வலிக்கறது. எல்லா குதிரைக்கும் வர்றதுதான், ஒரு மாசம் நிறுத்தி வச்சா சரியாயிடும்னு அதோட பேச்சு முடிஞ்சிடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், இப்ப நம்பல. அது வர்றதுக்கு பெரிய காரணம் நாம குடுக்கற வேலை, அத மாத்தினா நிறைய குதிரைய காப்பாத்தலாம்.

இத உக்காந்து ஆராய்ச்சி பண்ணவர் டேவிட் நுனமேக்கர், அமெரிக்காவுல பென்சில்வேனியா யூனிவர்சிட்டியோட நியூ போல்டன் சென்டர்ல இருந்தவர். அங்க ட்ரெய்னிங்ல இருக்கற இளம் தரோபிரெட்ல, அதாவது ஜாக்கி ஏறி ஓட்டற ரேஸ் குதிரை ஜாதில, நூத்துக்கு 70 குதிரைக்கு ஷின் வருது, ஆனா வண்டி இழுத்து ஓடற ஸ்டாண்டர்ட்பிரெட்டுக்கு அபூர்வமாத்தான் வருது, அதுவும் குதிரைதானே, ஏன் இந்த வித்தியாசம்னு தேடினார். கிடைச்ச பதில் என்னன்னா, குதிரை நிதானமா கேலப் (நாலுகால் பாய்ச்சல்) பண்ணும்போது அந்த எலும்புல பாரம் விழற திசை ஒண்ணு, ரேஸ் வேகத்துல ஓடும்போது விழற திசை வேற. எலும்பு எந்தப் பக்கம் பாரம் வருதோ அந்தப் பக்கம்தான் தடிக்கும். தினமும் ரெண்டு மைல் நிதான கேலப் குடுத்துட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை முழு வேகத்துல விட்டா, எலும்பு தினமும் பழகறது ஒரு வேலைக்கு, பரீட்சை வர்றது இன்னொரு வேலைக்கு. தினம் பத்து கிலோமீட்டர் ஜாகிங் மட்டும் போற ஃபாஸ்ட் பவுலர் மேட்ச் அன்னிக்கு இருபது ஓவர் போட்டா முதுகு என்ன ஆகும், அதே கதைதான்.

இன்னொரு விஷயம் இருக்கு, இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. இதயமும் தசையும் சில வாரத்துலயே தேறிடும், எலும்புக்கு மாசக்கணக்குல ஆகும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதல்ல பழைய பகுதிய அரிச்சு எடுத்துட்டு அப்புறம்தான் புதுசா நிரப்பும், அரிக்கறது வாரக்கணக்கு, நிரப்பறது மாசக்கணக்கு. அதனால நடுவுல ஒரு கட்டத்துல எலும்பு முன்ன இருந்ததவிட பலவீனமா இருக்கும், அதே சமயம் குதிரை துள்ளிக்கிட்டு இன்னும் விடு இன்னும் விடுன்னு நிக்கும். மூச்சு வாங்காம வந்துட்டான், ரெடின்னு ரைடர் சொல்லுவார். ரெடியானது நுரையீரல்தான், கால் இல்ல.

சரி, என்ன பண்ணணும்? அமெரிக்காவுல ஃபேர் ஹில்ங்கற ட்ரெய்னிங் சென்டர்ல வெட்டரினரி டாக்டராவும் ட்ரெய்னராவும் இருந்த ஜான் ஃபிஷர் நுனமேக்கரோட சேர்ந்து பண்ணிப் பார்த்த வழிய ஒட்டித்தான் இத சொல்றேன். குதிரை சவாரிக்கு நல்லா பழகி, ஃபர்லாங்குக்கு 18 செகண்ட் மாதிரி ஒரு மைல் நிதானமா போற அளவு வந்ததும், வாரத்துல 2 நாள் மட்டும் அந்த கேலப்போட கடைசி ஒரே ஒரு ஃபர்லாங்க, அதாவது 200 மீட்டர் சொச்சத்த, 15 செகண்ட்ல முடிங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஒரு அஞ்சு வாரம் இப்படியே போகட்டும். அடுத்த அஞ்சு வாரம் அதே 15 செகண்ட் கணக்குல 2 ஃபர்லாங். அது தாங்கிட்டா அப்புறம் அந்த 2 ஃபர்லாங்க 26 செகண்ட் பக்கம் கொண்டு வந்து, தூரத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. வேகம் கூடற வாரத்துல தூரத்த கூட்டக்கூடாது, தூரம் கூடற வாரத்துல வேகத்த கூட்டக்கூடாது. நிதான கேலப் மைலேஜ குறைங்க, இதுதான் பழைய ஆளுங்களுக்கு மனசே வராத இடம், குதிரை சும்மா நிக்கற மாதிரி தெரியும் அவங்களுக்கு, ஆனா அந்த மைல்கள் எலும்ப களைக்க வைக்குதே தவிர ரேஸுக்கு பழக்கறது இல்ல.

ரெண்டு வயசுல வேகமே கூடாது, மூணு வயசு வரைக்கும் மேய விடுங்கன்னு பாசத்துல சொல்றவங்க உண்டு. ஆனா பல நாட்டு ரேஸ் ரெக்கார்ட வச்சு பண்ண ஆராய்ச்சிகள்ல ரெண்டு வயசுல ஓடின குதிரைங்கதான் அதிக வருஷம் ஓடியிருக்கு. அதுல ஒரு ஓட்டை இருக்கு, இயல்பாவே நல்ல காலோட பொறந்ததுதான் சீக்கிரம் ரேஸுக்கு வரும், அதனால முழு புண்ணியத்தையும் ட்ரெய்னிங்குக்கு குடுக்க முடியாது. ஆனாலும் வளர்ற வயசுல எலும்பு வேகமா பாடம் கத்துக்குதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஜான் ஹென்றிங்கற குதிரைய பாருங்க, 1977ல ரெண்டு வயசுல முதல் ரேஸ், 1984ல ஒன்பது வயசுல அமெரிக்காவோட ஹார்ஸ் ஆஃப் தி இயர், மொத்தம் 83 ரேஸ்ல 39 ஜெயிப்பு. ஒரே குதிரைய வச்சு சட்டம் போட முடியாது, ரெண்டு வயசுல ஓட்டினாலே கால் கெட்டுடும்னு சொல்றவங்களுக்காக சொல்றேன்.

மேட்டுல ஏத்தறது நல்ல வழி. ஜப்பான்ல ரிட்டோ ட்ரெய்னிங் சென்டர்ல 1985ல சரிவுப்பாதை போட்டாங்க. மேடு ஏறும்போது வேகம் குறைவா இருந்தும் இதயம் முழு வேலை செய்யும், பாரம் பின்னங்காலுக்கு போறதால முன்னங்காலுக்கு அடி குறையும். ஆனா இதுவும் அளவுதான். மிஹோனோ போர்போன்ங்கற குதிரைய தினம் நாலு தடவை வரைக்கும் அந்த மேட்டுல ஏத்தி 1992ல ஜப்பான் டெர்பி ஜெயிச்சாங்க, அதே வருஷம் கிக்குகா ஷோங்கற இன்னொரு பெரிய ரேஸ்ல ரெண்டாவதா வந்துச்சு, அப்புறம் கால்ல அடிபட்டு திரும்ப ஓடவே இல்ல. மேடுதான் காரணம்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது, எனக்கு என்னவோ அத படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

தினமும் காலைல வேலைக்கு முன்னாடி கால தடவிப் பாருங்க, இத சைஸ் (குதிரைய பாத்துக்கற லாயத்து ஆள்) கிட்ட விட்டாலும் வாரத்துல ரெண்டு நாளாவது நீங்களே பாருங்க. ரெண்டு காலையும் ஒப்பிட்டு சூடு, வீக்கம், அழுத்தினா இழுக்குதா. காலோட பின்பக்க டெண்டான்ல (தசைநாண்ல) நூல் அளவு வீக்கம் தெரிஞ்சாலும் அன்னிக்கு ட்ராக்குக்கு போகக்கூடாது, ஸ்கேன் எடுங்க. கேலப்ல அந்த டெண்டானோட உள்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகறத அளந்திருக்காங்க, கிழிஞ்சா ஆற ஒரு வருஷம் பக்கம் ஆகும், ஆறினாலும் பழைய மீள்தன்மை முழுசா வராது. வலி ஊசி போட்டு ரேஸுக்கு அனுப்பறத நான் ஒத்துக்க மாட்டேன், குதிரை நமக்கு சொல்ற ஒரே சேதி அந்த வலிதான். லாடம் பத்தி ஒண்ணே ஒண்ணு, முன்னங்கால் லாடத்துல நுனி பக்கம் உயர பட்டை வேண்டாம்.

கடைசியா, ரொம்ப கவனமா இருக்க வேண்டிய கட்டம் ஓய்வு முடிஞ்சு திரும்பற நேரம். ரெண்டு மாசம் லாயத்துலயே நின்ன குதிரையோட எலும்பு இளைச்சுப் போயிருக்கும், ஆனா பழைய வேகம் ஞாபகத்துல இருக்கும். தோள்பட்டைக்கு கீழ இருக்கற ஹியூமரஸ் எலும்பு முறியற கேஸ்கள் இப்படி திரும்பின முதல் சில வாரத்துல அதிகமா வர்றத கலிஃபோர்னியாவுல டேவிஸ் யூனிவர்சிட்டி ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. நான் லாயத்துல புதுசா இருந்தப்ப ஒரு குட்டி மூணு மாச ஓய்வுக்கப்புறம் பதினஞ்சாவது நாளே முழு வேகத்துல போச்சு, அன்னிக்கு ட்ராக்ல கேட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதனால ரெண்டு மாசத்துக்கு மேல நின்னுச்சுன்னா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. மூணு நாலு வாரம் நடையும் ட்ராட்டும் (மெதுவான ஓட்டம்), அப்புறம் ரெண்டு மூணு வாரம் கேன்டர் (கேலப்பவிட மெதுவான பாய்ச்சல்), அதுக்கப்புறம் மறுபடி அந்த ஒரு ஃபர்லாங் 15 செகண்ட்லேர்ந்து. ஓனர் அவசரப்பட்டா டா ஹாஸ்ங்கற குதிரையோட கதைய சொல்லுங்க. 1996ல உட்பைன் மைதானத்துல பிரீடர்ஸ் கப் மைல்ங்கற பெரிய ரேஸ ஜெயிச்சுட்டு, காயத்தால 1997 முழுக்க ஒரு ரேஸ் கூட ஓடல. அதோட ட்ரெய்னர் மைக்கேல் டிக்கின்சன் அவசரப்படாம தேத்தி, நடுவுல ஒரே ஒரு ரேஸ் மட்டும் ஓட விட்டு, 1998ல சர்ச்சில் டவுன்ஸ்ல அதே மைல மறுபடி ஜெயிக்க வச்சார், ஆறு வயசுல.