தோட்டத்தில் பிடித்த சேமலாப நிதி கட்டப்படாவிட்டால் முறையிடுவது எப்படி?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து திருடியதாகப் பிடிபட்ட தொழிலாளியை அன்று மாலையே பொலிஸில் ஒப்படைக்கும் நிர்வாகம், ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கென்று அவருடைய சம்பளத்தில் பிடித்த பணத்தை மாதக்கணக்கில் கட்டாமல் வைத்திருந்தால், அதற்குத் திருட்டு என்று பெயரில்லை, ‘நிலுவை’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நாமும் பழகிவிட்டதால், பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு விடயம் தெரியவருகிறது. அதற்குள் அந்தப் பணத்தை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பார்கள்.

முதலில் சம்பளத் துண்டைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால், உங்களிடம் பிடித்த 1,600 ரூபாயுடன் தோட்டம் 2,400 ரூபாய் சேர்த்து, 4,000 ரூபாயை அடுத்த மாத முடிவுக்குள் கட்டியிருக்க வேண்டும். துண்டு, பணம் பிடிக்கப்பட்டதற்குத்தான் அத்தாட்சி, கட்டப்பட்டதற்கு அல்ல. ஆனாலும் ஒன்றைக்கூட அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, அங்கத்துவ இலக்கத்தோடும் அடையாள அட்டையோடும் மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ‘ராமாயி’, அடையாள அட்டையில் ‘இராமாய்’ என்று இருந்தால், அதைத் திருத்தும் வேலையையும் இப்போதே தொடங்குங்கள். ஓய்வு பெற்ற பின் அந்த ஓர் எழுத்துக்காக அலைய நேரிடும்.

கூற்றில் விடுபட்ட மாதங்களைக் குறித்து, அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே எழுத்து மூலம் முறையிடுங்கள். துண்டுகளின் பிரதிகளை மட்டும் இணைத்து, மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால், தனியொருவரைத் துரை (தோட்ட முகாமையாளர்) கூப்பிட்டு மிரட்டுவது கடினம்.

சட்டம் பலவீனமானதல்ல. தாமதத்துக்கு 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. தொழில் ஆணையாளர் நிலுவையைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் அனுப்பினால், நீதவான் நீதிமன்றம் நிலுவையை அபராதம் போலவே அறவிடலாம். அந்தச் சான்றிதழ் எப்போது அனுப்பப்படும் என்பதில்தான் பாரபட்சம் நுழைகிறது. கோப்பு அசையாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வழக்குத் தாக்கல் செய்யப்பட்டதா, எப்போது என்று தொழில் திணைக்களத்திடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும்.

தீர்ப்பு வந்து தோட்டம் தவணையில் கட்டத் தொடங்கினாலும், ஒவ்வொரு தவணையும் உங்கள் இலக்கத்தில்தான் வரவு வைக்கப்பட்டதா என்று மறுபடி கூற்றை எடுத்துப் பாருங்கள்.