ஆக்சிஜன் இல்லாத மூலையில் புற்றுநோய் செல் பிழைப்பதை ஒரே தாளில் வரைந்து படிப்பது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் என்சைம் பெயர்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள், பரீட்சையில் நாலாவது பெயரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும்.

தாளின் இடது ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய், அதிலிருந்து வலப்பக்கமாக வரிசையாகச் செல்கள். தெருமுனையில் தண்ணி லாரி நின்றால் சந்தின் கடைசி வீட்டுக்குக் குடம் நிறையுமா? வழியில் இருக்கிற செல்கள் எடுத்தது போக, சுமார் 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துவிடும். மிச்சப் படம் முழுக்க அந்தக் கடைசி வீட்டுக்குள்தான்.

அங்கே ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை எழுதுங்கள். இதைத்தான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். செல் இதை எப்போதும் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு என்சைம் அந்த ஆக்சிஜனை வைத்தே இதன்மேல் குறி போடும், விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் குறியைப் பார்த்து அழிக்க அனுப்பிவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் குறி விழாது, அழிவும் இல்லை, நேராக உட்கருவுக்குள் போய் ஜீன்களை எழுப்பும். கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவரும் 2019இல் நோபல் வாங்கியது இந்தத் துறையில்தான்.

அப்புறம் குளுக்கோஸின் பின்னாலேயே போங்கள். எழுந்த ஜீன்களால் குளுட்-1 என்ற சர்க்கரைக் கதவுகள் கூடும், சர்க்கரை நிறைய உள்ளே வரும். அது உடைந்து பைருவேட் என்ற சிறு மூலக்கூறு ஆனதும் பென்சிலை நிறுத்தி, இனி இது எங்கே போகும் என்று கேளுங்கள். ஆக்சிஜனை வைத்து எரிக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் வழியை பிடிகே-1 என்ற என்சைம் அடைக்கிறது. சரி, எல்டிஹெச்-ஏ என்ற என்சைம் அதை லாக்டேட் ஆக்கும், அந்த வேலையில் என்ஏடி பிளஸ் என்ற துணை மூலக்கூறு திரும்பக் கிடைப்பதால்தான் கிளைகாலிசிஸ், அதாவது குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் வேலை, நிற்காமல் ஓடுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு மிஞ்சுவது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2தான், முழுசாக எரித்தால் சுமார் 30. இத்தனை சர்க்கரை எதற்கு என்பது இங்கேயே புரிந்துவிடும். லாக்டேட்டும் அமிலமும் எம்சிடி-4 என்ற வாசல் வழியாக வெளியேறும், சுற்றுப்புறம் புளித்துப் போகும். ரத்தக்குழாய் பக்கத்துச் செல்கள் சில அந்த லாக்டேட்டையே எடுத்து எரிக்கும், அதனால் இடப்பக்கமாக ஓர் அம்பு மறக்காதீர்கள்.

வார்பர்க் என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுநோய் செல்கள் லாக்டேட் செய்வதைத்தான் அவர் 1920களில் காட்டியது, இது வேறு கதை.

வீட்டில் யாராவது படத்தைப் பார்த்துவிட்டு "அப்போ சர்க்கரையை நிறுத்தினா கட்டி பட்டினி கிடக்குமா?" என்று கேட்டால், கிடக்காது என்று சொல்லி, குளுட்டமின் என்ற அமினோ அமிலம் உள்ளே வரும் அம்பு ஒன்றையும், ஈரல் தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடுவதையும் சேர்த்து வரைந்து காட்டுங்கள்.