மிட்ஃபீல்டர் ஆக ஆசையா? மோட்ரிச்சின் தலையைப் பாருங்கள்

ஃபுட்பாலில் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், ஆட வேண்டும் என்று வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை கிரவுண்டில் இல்லை, வீட்டில். குரோஷிய மிட்ஃபீல்டர் லூக்கா மோட்ரிச் ஆடிய ஒரு முழு மேட்சைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஹைலைட்ஸ் கூடாது. 90 நிமிட ஆட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டரின் காலில் பந்து இருக்கும் நேரம், மொத்தமாகக் கூட்டினாலும் ஓரிரு நிமிடம்தான். ஹைலைட்ஸில் வருவது அதிலும் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் நமக்குப் பாடம்.

எந்த மேட்ச்? 2022 ஏப்ரல் 12, ரியல் மாட்ரிட் – செல்சி, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். பந்தை விட்டுவிடுங்கள், 10-ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். கேமரா பந்துக்குப் பின்னாலேயே போகும், மோட்ரிச் அடிக்கடி திரையை விட்டு வெளியே போய்விடுவார். பரவாயில்லை, திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ளலாம். வர்ணனையை மியூட் செய்துவிட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தலையைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பத்து நிமிடம் போட்டாலே கை வலிக்கும்.

அந்தத் தலைத் திருப்பல்தான் மிட்ஃபீல்டரின் தொழில். டிஃபென்டருக்கு ஆட்டம் முழுக்கக் கண்ணெதிரே நடக்கிறது. ஸ்ட்ரைக்கருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும். நடுவில் நிற்பவனுக்கு எதிராளி நாலா பக்கத்திலிருந்தும் வருவான். பந்து வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் அதற்குள் காலை வாரியிருப்பான்.

பயிற்சிக்கு மூன்று பேர் போதும். ஒருவர் பாஸ் கொடுக்க, ஒருவர் நடுவில் வாங்க, மூன்றாமவர் வாங்குபவரின் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். பந்து கிளம்பியதும் பின்னால் இருப்பவர் கையைத் தூக்கி இரண்டு விரலோ நாலு விரலோ காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் நடுவில் இருப்பவர் அந்த எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். எப்போது திரும்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாஸ் கொடுப்பவரின் காலைவிட்டுப் பந்து கிளம்பும்போது கண் பந்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் வேகமும் திசையும் தெரியும். பாதி வழியில் வரும்போது சட்டென்று ஒரு பார்வை பின்னால். அப்புறம் மறுபடியும் பந்து. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசி நொடியில் திரும்பிப் பந்தைத் தவறவிடுவார்கள். சிரிக்காதீர்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். விரல் பழகியதும், பின்னால் இருப்பவர் இடமோ வலமோ ஓடி வரட்டும். வாங்குபவர் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் பந்தோடு போக வேண்டும்.

வாங்கும்போது பாஸ் வரும் பக்கம் நேராக மார்பைக் காட்டி நிற்காதீர்கள். உடம்பைச் சற்றுக் குறுக்காக வைத்து, பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளி இருக்கும் காலால் வாங்குங்கள். முதல் டச்சிலேயே முகம் எதிரணி கோல் பக்கம் திரும்பிவிடும்.

இப்போது அதே மேட்சின் 80-ஆவது நிமிடத்துக்குப் போங்கள். மாட்ரிட் அன்றைக்கு 0–3 என்று பின்தங்கி, இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்தால் வெளியேறும் நிலையில் இருக்கிறது. மோட்ரிச் வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். அது டிஃபென்டர்களைத் தாண்டி வளைந்து இறங்குகிறது, ஓடி வந்த ரோட்ரிகோ பந்து தரையில் படுவதற்கு முன்பே அடித்து கோலாக்குகிறார். கூடுதல் நேரத்தில் பென்சிமா இன்னொன்று போட, மாட்ரிட் அரையிறுதிக்குப் போனது. வெளிப்புறக் காலால் அடிப்பது ஸ்டைலுக்காக இல்லை. உடம்பைத் திருப்ப வேண்டாம், காலைப் பின்னால் பெரிதாக வீச வேண்டாம், அதனால் எங்கே அடிக்கப்போகிறார் என்று எதிராளிக்குத் துப்புக் கிடைக்காது. ஆனால் ஒன்று: உட்புறக் காலால் பத்து கஜத்துக்கு நேரான பாஸ் போட வராதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். முதலில் சுவரில் பந்தடித்துப் பழகுங்கள். ஐந்து மீட்டர் தள்ளி நின்று, வலது இடது மாற்றி மாற்றி, தினமும்.

“பையன் ஒல்லியா இருக்கானே சார், நடுவுல தாங்குவானா?” என்று பெற்றோர் கேட்பார்கள். மோட்ரிச்சின் உயரம் 172 செ.மீ. சின்ன வயதில் உடம்பு போதாது என்று ஹாய்டுக் ஸ்ப்ளிட் கிளப் அவரை எடுக்கவில்லை. குரோஷியப் போரில் தாத்தாவைப் பறிகொடுத்து, ஸாடார் நகரில் அகதிகள் தங்கிய ஹோட்டலில் வளர்ந்த பையன் அவர். அதனால் உடம்பைப் பற்றிய கவலையைக் கோச்சிடம் விட்டுவிடுங்கள். ஓட்டம் வேறு விஷயம். ஒரு மேட்சில் மிட்ஃபீல்டர் சாதாரணமாக 10 முதல் 12 கி.மீ. ஓடுவார், அதுவும் நடை, சின்ன ஓட்டம், திடீர்ப் பாய்ச்சல் என்று விட்டு விட்டு. காலையில் பீச்சில் ஒரே சீராக ஓடுவது மட்டும் இதற்கு உதவாது. 20 மீட்டர் பாய்ச்சல், நடந்து திரும்பல், மறுபடி பாய்ச்சல் என்று பழகுங்கள்.

தவறு நடந்த பிறகு என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். 2018 உலகக் கோப்பை, டென்மார்க்குடன் ஆட்டம். கூடுதல் நேரம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது மோட்ரிச் அடித்த பெனால்டியை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்துவிட்டார். சற்று நேரத்தில் பெனால்டி ஷூட்அவுட். அதே ஆள் மறுபடி போய் நின்று கோல் அடித்தார். குரோஷியா இறுதிப்போட்டி வரை போனது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. எங்கள் பயிற்சியில் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறேன்: பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த பாஸைத் தனக்குத்தான் தர வேண்டும் என்று கேட்டாக வேண்டும். ஒளிந்துகொண்டால் ஒரு ரவுண்டு ஓட்டம்.

சரி, கிளப் விஷயம். பெரிய பெயருள்ள அகாடமியின் பெஞ்சா, சின்ன அணியில் முழு ஆட்டமா என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். 2003-இல் டினாமோ ஸாக்ரெப் மோட்ரிச்சை போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டர் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பியது. முரட்டுத்தனமான லீக். அங்கே ஆடியவன் எங்கேயும் ஆடலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். அடுத்த வருடமும் லோன்தான், இன்டர் ஸப்ரெஷிச். 2008-இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் போனபோது ஆரம்ப வருடங்களில் பல ஆட்டங்களில் இடது ஓரத்தில் நிறுத்தினார்கள், நடுவில் நிலைக்கக் காலம் ஆனது. 2012-இல் மாட்ரிட் போன சில மாதங்களிலேயே, ஒரு பத்திரிகை வாக்கெடுப்பில் அந்த சீசனின் மோசமான வரவு என்று வாசகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கிளப்பில் ஆறு சாம்பியன்ஸ் லீக் வென்றுவிட்டு, 2025-இல் மிலனுக்குப் போனார்.

நம் ஊர்ப் பிள்ளைக்கும் இதே கணக்குதான். வியாசர்பாடியிலிருந்து கிளம்பிப் புனே வழியாக வந்த தனபால் கணேஷ், 2018-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற ‘சென்னையின் எஃப்சி’ கிளப்பின் நடுக்களத்தில் ஆடினார். எல்லோருக்கும் அது வாய்க்காது. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி கிடைத்தாலும் போய் ஆடுங்கள். ரயில்வே, வங்கி ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள், அதில் மாதச் சம்பளமும் கூடவே ஆட்டமும் இருக்கிறது. படிப்பை விடவும் வேண்டாம், கோட்டாவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

அணிக்கு ஆள் எடுக்கும் டிரயலில் எல்லோரும் தன் திறமையைக் காட்டப் பந்தைக் காலிலேயே வைத்து உருட்டிக்கொண்டு (டிரிப்ளிங்) ஓடிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் ஒன்றிரண்டு டச்சில் பாஸ் கொடுத்துவிட்டு, உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்து, சத்தமாகப் பந்தைக் கேளுங்கள். எந்தப் பொசிஷன் என்று கேட்டால் “எங்க வேணா ஆடுவேன் சார்” என்று சொல்லாதீர்கள். மிட்ஃபீல்டிலும் டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்பவரா, மேலும் கீழும் ஓடுபவரா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் அசலும் நகலும் பையில் இருக்கட்டும். வயதுப் பிரிவு டிரயலில் அது இல்லையென்றால் ஷூ கட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.