முதலில் நிற்க வைத்துப் பாருங்கள்

கல்லடி வீட்டு அலுமாரியில் என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 1:12 அளவிலான, அதாவது நிஜ ஆளின் பன்னிரண்டில் ஒரு பங்கான, ஏறத்தாழ 6 அங்குல விண்வெளி வீரர் பொம்மைகள்; கைகால் மடக்கக்கூடியவை. புதிதாக ஒன்று வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டேன். தாங்கியில்லாமல் நிற்க வைப்பேன். முதுகுப்பெட்டி பாரமென்றால் பின்னால் சாயும். அது வடிவமைப்புப் பிழைதான்.

பிறகு முழங்கையை மடக்குங்கள். ஒற்றை மூட்டு ஏறத்தாழ 90 பாகையோடு நின்றுவிடும், இரட்டை மூட்டு அதைத் தாண்டும். ஆனால் மூட்டுகள் கூடக்கூட உடம்பின் வடிவம் துண்டு துண்டாகத் தெரியும். எனக்கு அது பிடிக்காது. தோள்கவசம் கையைத் தூக்க விடுகிறதா? மென்மையான பிவிசி பிளாஸ்டிக் என்றால் வளைந்து கொடுக்கும். அதே பிவிசிதான் மட்டக்களப்பு வெயிலில் இளகும். சித்திரையில் யன்னலோரம் வைத்த என் றோபோ ஒரு கிழமையில் கூனிப்போனது.

நிறப்பூச்சா? கண் கோணலில்லை என்றால் சரி.